மறு: ‘கறட்கட்டு’ என்ற என் சொல்லை மீளப் பெறுகிறேன், ‘கறளடக்கி’ எப்படி?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இரும்பில் பிடித்த கறளை, அதாவது துருவை, நீக்காமல் வேறொரு பொருளாக்கி நிறுத்தும் நீர்மத்துக்கு நம் அகராதியில் பெயர் தேடுகிறோம். அதற்குப் போன கிழமை நான் முன்வைத்த ‘கறட்கட்டு’ பிழையான சொல். ஏன் பிழை என்று விளங்கியது ஒரு வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான். எனவே சொல்லுக்கு முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு களுவாஞ்சிக்குடியில். கல்லடியிலிருந்து கல்முனைக்கு வீதியால் வந்தவர்களுக்கு இந்த நிலத்தின் அமைப்புத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய எழுவான்கரை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயலுக்கு ஓடும் மச்சானின் உழவு இயந்திரப் பெட்டி எங்கள் கெப்பை விட வயதில் மூத்தது. அதன் அடி இன்னும் திடமாகக் கிடக்கிறது. எங்களுடையது வாழைச்சேனையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு கலந்து, பலகை இடுக்கால் வடிந்து நேரே செசியில் விழும். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: பிக்கப்பைத்தான் இங்கே கெப் என்கிறோம். செசி என்பது நீங்கள் சேசிஸ் என்பது, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். துருவை வீட்டிலும் கராஜிலும் கறள் என்போம்.)

> உப்பால் செசி அரிவது பனி நாடுகளின் பிரச்சினை. நமக்கு ஏன் இதற்கென்று தனிக் கலைச்சொல்?

இழையில் வந்த இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே பனியை உருக்க வீதியில் உப்புத் தூவுகிறார்கள். அமெரிக்காவில் டொயோட்டா பிக்கப்களின் செசி அரிந்தது பற்றிய வழக்கு 2016இல் சமரசத்துக்கு வந்தபோது, அதில் அடங்கிய வண்டிகள் சுமார் 15 இலட்சம். இங்கே வீதியில் உப்புத் தூவ ஆள் தேவையில்லை, காற்றே கொண்டுவருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு அந்த அளவுகூட வேண்டாம், 33 சதவீதமே போதும். மழையே பெய்யாத ஆவணி மாதத்திலும் எங்கள் செசி நனைந்துதான் இருக்கிறது என்பது இதன் பொருள். அதோடு 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இந்தக் கரையோரம் பழைய வண்டிகளை வைத்தே பிழைத்தது. செசி போனால் தொழில் போயிற்று. இதற்குச் சொல் வேண்டாமா?

சொல் இல்லாததால் நான் பட்டதையும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் வண்டியைச் சேர்விஸுக்கு விட்டு, “அடிக்குக் கறள் மருந்து அடிச்சு விடுங்க” என்றேன். அடித்தார்கள். தார் போலத் தடித்த கறுப்புப் பூச்சு, பார்க்க அழகாக இருந்தது. போன மாரிக்குப் பிறகு ஸ்குரூட்ரைவரால் தட்டிப் பார்த்தபோது அந்தப் பூச்சுக் கருவாட்டுத் தோல் உரிவது போல நீளமாக உரிந்து வந்தது. உள்ளே இரும்பு அடுக்கடுக்காகப் பொருமிக் கிடந்தது. கறள், தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் அந்தப் பொருமல். கறளின் மேலேயே தடித்த பூச்சை அடித்ததால் உப்பும் ஈரமும் உள்ளே சிறைப்பட்டு, வெயிலில் காயவும் வழியில்லாமல், இரும்பைத் தின்றுகொண்டே இருந்திருக்கின்றன.

அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டது கறள் மருந்து, அவர்கள் தந்ததும் கறள் மருந்து. ஹாட்வெயார் கடையில் போய் அதே பெயரைச் சொன்னால் நாலு வெவ்வேறு சாமானை எடுத்து மேசையில் வைப்பார்கள். கறளைக் கரைத்துக் கழுவி எடுக்கும் அமிலம் ஒன்று. கறளை அப்படியே விட்டு வேறொரு பொருளாக்கும் நீர்மம் இன்னொன்று. சுத்தமான இரும்புக்கு முன்கூட்டியே அடிக்கும் பிறைமர் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே, கல்லும் சேறும் தெறிப்பதைத் தாங்கும் அடிப்பூச்சு நாலாவது. இந்த நாலுக்கும் ஒரே பெயர் இருந்ததால் என் செசியில் ஓட்டை விழுந்தது. நாம் பெயர் தேடிக்கொண்டிருப்பது இரண்டாவது சாமானுக்கு.

அது செய்கிற வேலையை விளங்கிக்கொள்ள இரசாயனப் புத்தகம் தேவையில்லை. பச்சை வாழைக்காய் வெட்டிய இரும்புக் கத்தி கறுத்துப் போவதைக் கண்டிருப்பீர்கள். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி (இரும்புச் சல்பேற்று) போட்டால் மை கறுக்கும். துவர்ப்பில் இருக்கும் தனின், இரும்போடு சேர்ந்து கருநீல நிறப் பொருளாகிறது. கடையில் விற்கும் நீர்மங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்தத் தனிக் அமிலமோ பொசுபோரிக் அமிலமோ, அல்லது இரண்டுமோதான். தனிக் அமிலம் செங்கபிலக் கறளைக் கறுத்த இரும்புத் தனேற்றாக்கும். பொசுபோரிக் அமிலம் இரும்புப் பொசுபேற்றாக்கும். இரண்டும் கறளைப் போலப் பொடிந்து கொட்டாமல் இரும்போடு ஒட்டிக்கொள்பவை. பல வகைகளில் கூடவே ஒரு பிசினும் கலந்திருக்கும், அது காய்ந்து மேலே மெல்லிய தோலாகும். நைலோன் வலை வருவதற்கு முன் நூல் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றினார்களே, அதுவும் துவர்ப்பை வைத்துப் பொருளைக் காத்த வேலைதான். வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணி பெயரிலேயே அந்த மரத்தை வைத்திருக்கிறது. துவர்ப்பின் குணம் தெரிந்த ஊருக்கு இந்த நீர்மம் அந்நியம் இல்லை, பெயர்தான் அந்நியமாக இருக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

> துருமாற்றி என்றே வைக்கலாம். எளிது, எல்லோருக்கும் விளங்கும்.

எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளங்கும் என்பதில்தான் சிக்கல். எங்கள் பேச்சில் மாறுதல் என்றால் குணமாதல். “காய்ச்சல் மாறிட்டா?” என்று கேட்கிறோம். “இந்தக் கசாயம் சளிய மாத்தும்” என்கிறோம். காய்ச்சலை மாற்றுவது என்றால் காய்ச்சலை இன்னொன்றாக ஆக்குவதல்ல, இல்லாமல் செய்வது. ஆகவே கறள்மாற்றி அல்லது துருமாற்றி என்ற பெயரோடு ஒரு போத்தல் கடைக்கு வந்தால், இங்கே வாங்குகிறவர் கறள் போய்விடும் என்றுதான் நினைப்பார். பூசுவார், கறுக்கும், போய்விட்டது என்று நம்பி மேலே ஒன்றும் அடிக்காமல் விட்டுவிடுவார். எந்தத் தவறைத் தடுக்கப் பெயர் தேடுகிறோமோ அந்தத் தவறையே இந்தப் பெயர் கற்றுக்கொடுக்கும். மாற்றம் என்பதை இரசாயனப் பாடத்துப் பொருளில் மட்டும் கேட்கிறவர்களுக்கு இது மிகையான பயமாகத் தோன்றலாம். கராஜில் நின்று கேட்டால் தோன்றாது.

இதைத் தவிர்க்கத்தான் போன கிழமை ‘கறட்கட்டு’ என்றேன். சித்த வைத்தியத்தின் இரசக்கட்டு மனதில் இருந்தது: ஓடித் திரியும் பாதரசத்தைக் கட்டி நிறுத்துவது. விஷத்தைக் கட்டுவது, வாயைக் கட்டுவது என்ற பேச்செல்லாம் மட்டக்களப்பில் இன்றும் உண்டு, ஆகையால் ‘கட்டு’ இங்கே நன்றாக ஒட்டும் என்று நினைத்தேன். கறட்கட்டு வாய்க்குள் நுழையாது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. பொருட்காட்சி, நாட்குறிப்பு என்று தடக்காமல் வாசிக்கிறோம், கறட்கட்டும் பழகிவிடும்.

சொல்லைக் கவிழ்த்தது புணர்ச்சி விதி இல்லை. கல்லாற்றில் எனக்குச் செசி ஒட்டித் தரும் வெல்டிங் பாஸ், வண்டியின் கீழே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “இஞ்சால பக்கம் நல்லாக் கறள் கட்டிப் போச்சு தம்பி.”

கறள் கட்டுதல் என்றால் கறள் பிடித்தல். பிறந்த நாளிலிருந்து நான் கேட்ட வழக்கு. மேசையில் இருந்து சொல் யோசித்தபோது அது நினைவுக்கு வரவேயில்லை. நோய்க்கு வைத்திருக்கும் பெயரையே மருந்துக்கும் வைக்கப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்திலேயே சொல்லைக் கைவிட்டேன்.

பிறகு அந்த நீர்மத்தை அவரிடமே காட்டி, இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை, வேலையைச் சொன்னார். “இது கறளத் திங்கிற சாமான் இல்ல தம்பி. கறள அடக்கி வைக்கிற சாமான். மேல பெயின்ட் அடிக்காட்டி அது திரும்ப எழும்பும்.”

அடக்கி வைக்கிற சாமான். எனக்கு வேண்டிய முழுப் பொருளும் அதில் இருந்தது. அடக்கிய ஒன்று போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறது, காவல் தளர்ந்தால் எழும்பும். கறள் + அடக்கி = கறளடக்கி. உயிரெழுத்து வருவதால் ளகரம் திரியாது, கறள் என்ற சொல் கண்ணுக்கு முழுதாகத் தெரியும். துரு என்று சொல்லும் நாட்டவர்கள் துருவடக்கி என்று எழுதலாம், பொருள் இம்மியும் பிசகாது. கறளா துருவா என்று இந்த இழையில் நடந்த இழுபறிக்கும் இதோடு வேலையில்லை. எங்கள் பள்ளிப் புத்தகம் துருப்பிடித்தல் என்கிறது, வீடு கறள் என்கிறது. அகராதியில் இரண்டையும் இணைத் தலைச்சொல்லாகப் போடுவோம்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: அடக்கி என்றால் அரிப்பு வேகத்தைக் குறைக்கச் சேர்க்கும் பொருளோடு குழம்பாதா? இரசாயனத் தாக்க வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கு எங்கள் இரசாயனப் பாடத்தில் நிரோதி என்ற சொல் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். முன்கூட்டி அடிக்கும் பிறைமருக்குக் கறட்காப்பு என்பேன். கறள் தடுப்பு என்று வைத்தால் புணர்ச்சியில் கறட்டடுப்பு என்றாகி அடுப்பில் போய் முடியும், ஆகவே அதைத் தவிர்த்தேன். கரைத்து எடுக்கும் அமிலத்துக்குக் கறள்நீக்கி. இதில் யாருக்கும் பேதம் இல்லை என்று நினைக்கிறேன்.

பெயர் சரியா என்று பார்க்க, அதை வைத்தே வேலையைச் சொல்லிப் பார்த்தேன். இப்படி வந்தது: முதலில் சுத்தியலால் தட்டி, பொருமிய கறளை வயர் பிறஷால் உதிர்த்தெடு. நல்ல தண்ணீரால் உப்புப் போகும்வரை கழுவு. குழிகளுக்குள் உப்பு மிஞ்சினால் எதைப் பூசினாலும் அடியிலிருந்து மறுபடி கிளம்பும். முழுதாகக் காயவிடு. இரும்போடு இறுகியிருக்கும் மெல்லிய கறளில் கறளடக்கியைப் பூசு. அது கறுக்கும். பளபளக்கும் இரும்பில் அடக்குவதற்குக் கறளே இல்லை, அங்கே கறட்காப்பு. பிறேக் குழாய், றப்பர், சைலன்சர் ஆகியவற்றில் படாமல் பார். போத்தலில் சொன்ன நேரம் காத்திருந்து மேலே கறட்காப்பு, பிறகு பெயின்ட், கடைசியில் அடிப்பூச்சு.

ஓரிடத்திலும் சொல் தடக்கவில்லை. “பளபளக்கும் இரும்பில் அடக்குவதற்குக் கறளே இல்லை” என்ற வரி தானாக வந்து விழுந்தபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. மாற்றி என்று வைத்து அதே வரியை எழுதிப் பாருங்கள்.

பெட்டி போல மூடிய செசிக்குள் பிறஷ் போகாது. அங்கே நீண்ட குழாயால் மெழுகு கலந்த எண்ணெயைத் தெளிக்கிறார்கள். அதற்கு உள்மெழுகு என்ற பெயரைத் தற்காலிகமாகப் பயன்படுத்துகிறேன், பிடித்த பெயர் அல்ல. நல்ல சொல் இருந்தால் தாருங்கள். செசியின் அடியில் தண்ணீர் வடியக் கம்பனியே விட்டிருக்கும் துவாரங்களையும் அடிப்பூச்சு அடைத்துவிடாமல் திறந்து வைக்க வேண்டும். அதற்கு வடிதுளை என்ற பழகிய சொல்லே போதும்.

எங்கள் வண்டியில் ஓட்டை விழுந்த இடத்துக்குக் கறளடக்கி உதவவில்லை. அங்கே அடக்க இரும்பே இல்லை. நான் மேலே சொன்ன அமெரிக்கச் சமரசத்தில் 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட துளை விழுந்தால் செசியையே மாற்றித் தருவதாக இருந்தது. எங்களுக்கு அப்படித் தருவார் யாரும் இல்லை. பாஸ் அரிந்த பகுதியை வெட்டியெடுத்து, அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து ஒட்டினார். செசி இலக்கம் குத்தியிருந்த பக்கத்தில் கிறைண்டரை வைக்காமல், அந்த இடத்தை மட்டும் கையாலேயே சுத்தம் செய்தார். இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் வண்டியை அடையாளம் காட்டும் அந்த இலக்கத்தைக் கண்ணைப் போலக் காத்துக்கொள்ளுங்கள்.

அகராதிக்கு என் வரைவு இது: கறளடக்கி (துருவடக்கி): இரும்பின் மேலுள்ள இறுகிய கறளோடு தாக்கமுற்று, அதைப் பொடியாத கரிய பொருளாக்கி நிறுத்தும் நீர்மம், கறளை நீக்காது, மேலே பூச்சு வேண்டும்.

கடைசி இரண்டு துண்டையும் வெட்டச் சொல்லி யாராவது எழுதினால் நான் இணங்கமாட்டேன். வரைவிலக்கணம் நீளமானால் ஆகட்டும், அந்த இரண்டும் இல்லாததால்தான் என் செசியில் தகடு ஒட்டியிருக்கிறது.

யாழ்ப்பாணம், மன்னார், மலையகம், தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் கராஜில் இந்த நீர்மத்தைக் காட்டி, பெயரைக் கேட்காமல், இது என்ன செய்யும் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் வாயில் வரும் வினைச்சொல்லை அப்படியே இங்கே எழுதுங்கள். அடக்கும் என்பதை விடச் சரியான ஒன்று வந்தால், கறட்கட்டைக் கைவிட்டது போலவே இதையும் கைவிடுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து,
அன்புடன்.