2000 சதவீதமும் எங்கள் வீட்டு ரசமும்

வைட்ஃபீல்டு வாசு:
காலையில் ஈரோட்டு அண்ணன் இந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டது: "மிளகு ரசம் குடித்தால் மஞ்சளின் சக்தி 2000 சதவீதம் கூடும், புற்றுநோய் செல்லின் சிக்னல் அணைந்துவிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியே 1998ல் நிரூபித்தது." அந்த ஆய்வில் ரசமும் இல்லை, புற்றுநோயும் இல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் 2 கிராமோடு, மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ எடுக்கும் என் சித்தி இதைப் படித்துவிட்டு மஞ்சள்-மிளகு கேப்ஸ்யூல் வாங்கி வரச் சொல்கிறார்.

ஈரோட்டுக்காரன்:
தம்பி, 2000 சதவீதம் உண்டா, இல்லையா?

வைட்ஃபீல்டு வாசு:
உண்டு. ஆனால் எதிலிருந்து 2000? குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறியது ஏறக்குறைய பூஜ்யம். காலிப் பானையை இருபது தடவை கவிழ்த்தால் சோறு வருமா அண்ணே?

ஈரோட்டுக்காரன்:
ஆக, உண்டு. நன்றி.

அல்சூர் கணக்குப்பிள்ளை:
2000 சதவீதம் "கூடினால்" 21 மடங்கு. இருபது அல்ல.

வைட்ஃபீல்டு வாசு:
சரி சார், 21. மஞ்சள்தூளில் நூற்றுக்கு 3 பங்குதான் குர்குமின். 2 கிராம் வேண்டுமானால் அறுபது கிராமுக்கு மேல் தூள் போட வேண்டும். அந்த ரசத்தை அண்ணனே முதலில் குடித்துக் காட்டட்டும்.

அப்புறம் சிக்னல். என்எஃப்-கப்பா-பி என்று ஒரு புரதம். செல்லுக்குள் கட்டுண்டு கிடக்கும். கட்டு அவிழ்ந்தால் உட்கருவுக்குள் போய் "சாகாதே, பெருகு" என்று ஜீன்களை எழுப்பும். பல புற்றுநோய்களில் அது அவிழ்ந்தே திரிகிறது. குர்குமின் அதைத் தடுப்பதை 1995ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆய்வாளர் பரத் அகர்வாலின் குழு காட்டியது, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில். பின்னாளில் அவருடைய வேறு பல ஆய்வுக் கட்டுரைகளை, வெளியிட்ட இதழ்களே திரும்பப் பெற்றன. அதையும் ஃபார்வர்ட் செய்யுங்களேன்.

ஈரோட்டுக்காரன்:
அதே 1995ல்தான் அமெரிக்காக்காரன் நம் மஞ்சளுக்குக் காப்புரிமை வாங்கினான். உங்களைப் போன்றவர்கள் அன்றும் வாய் திறக்கவில்லை.

வைட்ஃபீல்டு வாசு:
எனக்கு அப்போது ஆறு வயது. அது காயம் ஆற்றுவதற்கான காப்புரிமை. 1997ல் ரத்தும் ஆகிவிட்டது. பைப்பரின் செய்வது என்ன தெரியுமா? கல்லீரலும் குடலும் குர்குமினை மாற்றி வெளியேற்றுவதைத் தடுக்கிறது. அந்தத் தடையில் வேறு மருந்துகளும் உடம்பில் தேங்கலாம். கீமோ எடுப்பவருக்கு இது விளையாட்டா?

சேலத்து மருமகள்:
போன பொங்கலுக்கு அண்ணன் இங்கே விற்ற மஞ்சள்தூளில் வண்டு இருந்தது. பணம் இன்னும் வரவில்லை.

ஈரோட்டுக்காரன்:
அது 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள், அம்மா. சேலத்துக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும்.

வைட்ஃபீல்டு வாசு:
அண்ணன் மஞ்சள் வியாபாரி என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அடடா.

அல்சூர் கணக்குப்பிள்ளை:
முதல் பதிவில் 21 மடங்கு என்று திருத்திவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
2000 சதவீதம் உண்டு என்று வாசுவே எழுதியிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

சேலத்து மருமகள்:
வண்டையும் நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணா.