லந்தீனி எல்25-ஆ, சாமே டிஏ25-ஆ? எதை எடுக்கலாம்?

வரப்போரம்:
இத்தாலியில் ரெட்ஜோ எமிலியா பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறேன். பக்கத்துப் பெரியவர் கொட்டகையைக் காலி செய்கிறார், உள்ளே வைக்கோலுக்கு நடுவில் இரண்டு பழைய டிராக்டர்கள். ஒன்று லந்தீனி எல்25, இன்னொன்று சாமே டிஏ25. இரண்டுமே 1950-களின் வண்டி, 25 குதிரைத்திறன், ஓடிப் பல வருடமாகிறது. கேட்கும் விலையும் ஒன்றுதான். எனக்கு ஒன்றுக்குத்தான் இடமும் காசும் உண்டு. மனசு லந்தீனி பக்கம் இழுக்கிறது, ஆனால் அவ்வப்போது உழவும் ஓட்ட வேண்டும். எதை எடுக்கலாம்?

டீசல்வாசம்:
தம்பி, குதிரைத்திறன் ஒன்றுதானே என்று இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எல்25 ஒற்றை சிலிண்டர், 4.3 லிட்டர், டூ ஸ்ட்ரோக். 'தேஸ்தா கால்தா' என்பார்கள், சூடான தலை என்று அர்த்தம். எஞ்சின் தலையில் இருக்கும் குமிழை ப்ளோ லாம்ப் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் காய்ச்சி, அப்புறம் ஃப்ளைவீலை முன்னும் பின்னும் ஆட்டி எழுப்ப வேண்டும். அது 'டொக்... டொக்...' என்று எழும்போது காலடியில் தரை அதிரும், அந்தச் சுகம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் கவனம், டூ ஸ்ட்ரோக் என்பதால் எந்தப் பக்கமும் சுற்றும். ஒருமுறை தலைகீழாகச் சுற்றுவதைக் கவனிக்காமல் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன், வண்டி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. கிளப்பியதும் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

வாங்குமுன் எஞ்சின் பிளாக்கைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வடக்கு இத்தாலிக் குளிரில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால் உறைந்து வெடித்திருக்கும். கிராங்க் சீல்கள் காற்று விட்டாலும் சரியாகக் கிளம்பாது.

மேட்டுக்காடு:
உழவு ஓட்ட வேண்டும் என்றால் கேள்வியே இல்லை, சாமே. ஃபிரான்செஸ்கோ கஸ்ஸானி 1927-லேயே டீசல் டிராக்டர் செய்த மனிதர். 1942-ல் திரெவில்யோவில் சாமேயைத் தொடங்கி, 1952-ல் டிஏ25-ஐக் கொண்டுவந்தார். காற்றால் குளிரும் டீசல் எஞ்சின், அதற்குமேல் நான்கு சக்கர இழுவை. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்! சரிவிலும் சேற்றிலும் மற்ற வண்டிகள் திணறும் இடத்தில் இது ஏறிப் போகும். தண்ணீரே இல்லாததால் உறைந்து வெடிக்கும் பயமும் இல்லை. (நம் ராணிப்பேட்டையில் டிராக்டர் தொழிற்சாலை தொடங்கியதும் இந்தக் கம்பெனியின் வழிவந்ததுதான்.)

ஆனால் எல்லா டிஏ25-க்கும் நான்கு சக்கர இழுவை கிடையாது. குனிந்து முன் அச்சைப் பாருங்கள், நடுவில் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா என்று. சிலிண்டரைச் சுற்றிய தகர உறை எல்லாம் இருக்கிறதா? உறை இல்லாமல் ஓட்டினால் காற்று வேண்டிய இடத்துக்குப் போகாது, தலை வெந்துவிடும். சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையில் எண்ணெயும் உமியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருக்கும், கம்பி விட்டுச் சுரண்டி எடுங்கள்.

ஆரஞ்சுவண்டி:
இரண்டும் சரிப்படாவிட்டால் ஃபியட் 18 தேடுங்கள், 1957-ல் வந்த 'லா பிக்கொலா'. சின்ன வண்டி, சாதாரண டீசல், காய்ச்சுவதும் ஆட்டுவதும் இல்லை. பழைய லம்போர்கினி டிராக்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். நல்ல வண்டிதான், ஆனால் கார் பெயருக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். எதை எடுத்தாலும் வண்டியின் லிப்ரெட்டோ, அதாவது பதிவுப் புத்தகம், இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அந்தப் புத்தகம் இல்லாமல் ரோட்டில் இறக்குவது பெரும்பாடு.

வரப்போரம்:
எல்லோருக்கும் நன்றி. இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சாமேக்கு முன் அச்சில் உருண்டை இருக்கிறது, தகர உறையில் ஒரு பக்கம் மட்டும் காணோம், லிப்ரெட்டோவும் உண்டு. லந்தீனி பிளாக்கில் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, துடைத்தும் போகவில்லை. சாமேக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். போவதற்குள் லந்தீனியை ஒருமுறையாவது கிளப்பிக் காட்டச் சொல்லிக் கேட்டேன், அந்தப் பிளாக்கை வைத்துக்கொண்டு முடியாது என்றார் பெரியவர். அது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டீசல்வாசம்:
வார்ப்பிரும்பில் விரிசலைத் தைத்து அடைக்கும் ஆள் இருக்கிறார்களே! அந்தக் கோட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.