எங்கிரேவிங்: 'செப்பேட்டு ஓவியம்' வேண்டாம், 'சால்வரி அச்சு' எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். செம்புத் தகட்டில் கோடுகளை வெட்டி, மையிட்டுத் தாளில் படமாக அச்செடுக்கும் காப்பர்பிளேட் எங்கிரேவிங் என்ற கலைக்கு இங்கே முன்வைக்கப்பட்ட 'செப்பேட்டு ஓவியம்' என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. செப்பேடு என்றதும் வேள்விக்குடி, ஆனைமங்கலம் போன்ற பழைய அரச ஆவணங்கள்தாம் நினைவுக்கு வரும். அந்த ஏடுகளில் பொறித்த எழுத்தை நாம் நேரே படிக்கிறோம். இக்கலையிலோ தாளில் விழும் படமே படைப்பு. தகட்டில் எல்லாம் இடவலம் மாற்றியே வெட்டப்படும்.

இது 1430களில் ஜெர்மன் மொழி வழங்கிய மேல் ரைன் பகுதியில், பொற்கொல்லர்களின் கைத்திறனிலிருந்து வளர்ந்த கலை. புளோரன்ஸ் பொற்கொல்லர் ஃபினிகுவெர்ராவே 1460 அளவில் இதைத் தொடங்கினார் என்று இத்தாலியக் கலை வரலாற்றாளர் வசாரி எழுதியிருந்தாலும், 1446 என்று ஆண்டு பொறித்த, இயேசு கசையடிபடும் ஜெர்மானியப் படம் கிடைத்திருப்பதால் அக்கூற்று நிற்காது. இதை உச்சத்துக்குக் கொண்டுசென்ற ஜெர்மானியக் கலைஞர்களான ஷோன்கவர், டூரர் இருவருமே பொற்கொல்லரின் மக்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'செதுக்கல்' என்பதும் எனக்கு உடன்பாடன்று. மர அச்சில் வேண்டாததைச் செதுக்கி எறிய, எஞ்சி நிற்கும் மேடு மையை ஏற்கிறது. செம்பிலோ வெட்டிய பள்ளமே மையைத் தாங்குகிறது. தகட்டை வெட்டும் கூரிய கருவியான பியூரினின் முனை செம்பில் முன்னேறும்போது மெல்லிய சுருளொன்று எழுந்து வர, பின்னால் 'வி' வடிவப் பள்ளம் நீள்கிறது. இருபுறமும் பிதுங்கும் விளிம்பைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பிறகு மையைப் பூசி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால், பள்ளத்தில் தங்கிய மையைத் தாள் இழுத்துக்கொள்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், கோடு மயிரிழையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மீண்டும் கூராக முடிவது தெரியும். கை அழுத்தத்தின் தடம் அது.

கொழு மண்ணைக் கீறிச் செல்வதையே இது எனக்கு நினைவூட்டுகிறது. உழவுச்சால் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது; ஆகவே 'சால்வரி அச்சு' என்று முன்மொழிகிறேன். சால் என்பது நீர்ச்சாலையும் குறிக்குமே என்றால், 'வரி' உடன் வருவதால் மயக்கம் நேராது. அமிலம் அரித்துக் கோடாக்கும் எட்சிங்கிற்கு இச்சொல் பொருந்தாது. அதற்கு 'அமிலவரி அச்சு' போதும்.

பியூரினுக்கு வழங்கும் 'சிற்றுளி' மட்டும் உறுத்துகிறது. உளி என்றால் சுத்தியலால் அடிப்பதே நம் மனத்தில் எழும். இக்கருவியின் குமிழ்ப்பிடியை உள்ளங்கையில் பதித்து முன்னோக்கி உந்துவார்கள். வளைகோட்டுக்குக் கருவியைத் திருப்பாமல், தோல் மெத்தைமேல் வைத்த தகட்டையே திருப்புவார்கள். 'உந்துளி' எனலாமா? நகைத்தொழில் பட்டறைகளில் இதற்கு வழங்கும் சொல்லை அறிந்தவர்கள் எழுதினால், அதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.