பூட்டிக் கிடக்கும் ஐந்தரை கிரவுண்டு

குழு: மூன்றாவது குறுக்குத் தெரு
(சென்னைப் புறநகர், வியாழன் இரவு)

மாடிவீட்டுத் தம்பி: ஞாயிறு காலை 10 மணிக்கு சமுதாயக் கூடத்தில் பகுதி சபைக் கூட்டம். கவுன்சிலரோடு மாநகராட்சி உதவிப் பொறியாளரும் (ஏ.இ.) வருகிறாராம். மழைநீர் வடிகால், புது ரோடு, ஏரிக்கரை நடைபாதை, மூன்றும் பேசப் போகிறார்கள்.

அண்ணாச்சி கடை: ரோட்டை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறதே தம்பி. என் கடைப் படி போய்விடுமா?

சர்வேயர் சார்: அகலப்படுத்தவில்லை அண்ணாச்சி, நாம் எடுத்துக்கொண்டதைத் திரும்பக் கேட்கப் போகிறார்கள். மனை வரைபடத்தில் நம் தெரு 30 அடி. இன்று சாயங்காலம் டேப் பிடித்துப் பார்த்தேன், உங்கள் கடை முன்னால் 22 அடிதான் இருக்கிறது. மீதியெல்லாம் ரேம்ப், படி, துளசி மாடம், 9ஆம் நம்பர் ஜெனரேட்டர்.

9ஆம் நம்பர்: ஜெனரேட்டர் யாருக்கு இடைஞ்சல்?

கடைசி வீட்டு மாமி: குப்பை வண்டி திரும்பத் தெரியாமல் என் காம்பவுண்டை இடிக்கிறதே, அதற்கு.

கடைசி வீட்டு மாமி: ரோடு போடுகிறோம் என்று மறுபடி உயர்த்திவிடாதீர்கள். போன தடவை பழைய தார் மேலேயே புதுத் தார். என் வாசல் இப்போது ஒரு முழம் பள்ளம். மழை வந்தால் பூஜை அறை வரைக்கும் தண்ணீர்.

சர்வேயர் சார்: பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கிறது மாமி. ஏ.இ. முகத்துக்கு நேரே கேளுங்கள்.

9ஆம் நம்பர்: எல்லோரும் இருக்கும்போதே ஒன்று சொல்கிறேன். தெருக் கோடியில் பார்க் இடம் பூட்டியே கிடக்கிறது, முள்ளும் பாம்பும். அங்கே ஷெட் போட்டு கார் நிறுத்தலாம். வண்டிக்கு மாதம் 500 என்று சங்கத்துக்கு வரும். ரோடும் காலியாகும்.

அண்ணாச்சி கடை: நல்ல யோசனையாகத்தானே இருக்கிறது.

14ஆம் நம்பர் அக்கா: என்ன நல்ல யோசனை? என் பிள்ளைகள் ரோட்டில் பந்து விளையாடினால் திட்டுவதும் நீங்கள்தானே அண்ணாச்சி.

சர்வேயர் சார்: சார், அது சங்கத்தின் இடமும் இல்லை, பில்டரின் இடமும் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.
மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். அதற்குக் குறைவு என்றால் (3,000-க்கு மேல்) நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. பெரிய மனைப்பிரிவுக்கு அந்த வழியும் கிடையாது. 2019 கட்டட விதிகளிலும் இதே கதைதான். நம்முடையது நாலரை ஏக்கர். கணக்குப் பார்த்தால் ஐந்தரை கிரவுண்டு சொச்சம் வரும் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி), அதுதான் அந்தப் பூட்டு போட்ட இடம். ரோட்டையும் பூங்காவையும் அப்போதைய ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் நமக்கெல்லாம் மனை விற்றார்கள்.

9ஆம் நம்பர்: அது 1986 கதை. இப்போது யாரிடம் பத்திரம் இருக்கிறது?

சர்வேயர் சார்: பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள், காசு கிடையாது. ஊராட்சி பெயரில் ஒரு தானப்பத்திரம் அதில் நிற்கும். ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் இடமும் சேர்ந்தே போய்விட்டது. பூங்காவுக்கு விட்ட இடத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் எத்தனையோ வழக்கில் சொல்லிவிட்டது. ஷெட் போட்டால் யாராவது ஒருவர் மனு போட்டால் போதும், பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மாடிவீட்டுத் தம்பி: பார்த்துவிட்டேன் சார், இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் போடுகிறேன்.

மாடிவீட்டுத் தம்பி: (படம்)

அண்ணாச்சி கடை: அப்போது பூட்டு யார் போட்டது?

மாடிவீட்டுத் தம்பி: அது யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. சாவியும் யாரிடமும் இல்லை.

14ஆம் நம்பர் அக்கா: எனக்கு வேண்டியது ஒன்றுதான். பூங்காவின் பின்சுவரில் ஒரு சின்ன கேட். அதைத் திறந்தால் நேரே ஏரிக்கரை, கரையோடு போனால் பள்ளிக்கூடம். இப்போது பிள்ளைகள் மெயின் ரோட்டைச் சுற்றிப் போகிறார்கள். அங்கே நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, அதில் டிரான்ஸ்ஃபார்மரும் டீக்கடை பெஞ்சும் போக ஒரு ஆள் நடக்க இடமில்லை.

கடைசி வீட்டு மாமி: கேட் திறந்தால் குடிகாரர்கள் வருவார்களே அம்மா. என் வீடுதான் ஓரம்.

14ஆம் நம்பர் அக்கா: இப்போது மட்டும் வராமல் இருக்கிறார்களா மாமி? சுவர் ஏறிக் குதித்து வருகிறார்கள். நாலு பேர் நடமாடினால் அவர்களுக்கு அங்கே வேலையில்லை. விளக்குப் போடச் சொல்வோம், ராத்திரி 8 மணிக்குக் கேட்டைப் பூட்டச் சொல்வோம்.

கடைசி வீட்டு மாமி: சாவி என்னிடம் இருந்தால் சரி.

சர்வேயர் சார்: ஏரிக்கரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் பாசன நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருக்கும் ஏரி நீர்வளத்துறைக்குப் போகும், குறைவு என்றால் உள்ளாட்சி. நம் ஏரி முதல் ரகம். நீர்வளத்துறை சம்மதிக்காமல் மாநகராட்சி கரையில் ஒரு கல் கூட வைக்க முடியாது. சம்மதக் கடிதம் வாங்கிவிட்டார்களா என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டிய முதல் கேள்வி. இல்லையென்றால் வருஷக் கணக்கில் பேனர் மட்டும்தான் நிற்கும்.

மாடிவீட்டுத் தம்பி: சிட்லப்பாக்கத்தில் 2019-ல் ஊர்க்காரர்களே ஏரிக்குள் இறங்கிச் சுத்தம் செய்தார்கள், அப்புறம்தான் அரசுப் பணம் வந்தது. நாமும் அப்படி ஆரம்பிக்கலாமே சார்?

சர்வேயர் சார்: ஆரம்பிக்கலாம். ஆனால் நடைபாதை என்ற பெயரில் ஏரிக்குள்ளேயே மண்ணைக் கொட்டி கரையை அகலமாக்கும் வேலைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். கரையின் மேல் இருக்கும் அகலமே நடக்கப் போதும். ஆறு அடி இருந்தால் இரண்டு பேர் எதிரும் புதிருமாகத் தாராளமாகப் போகலாம். பேவர் பிளாக், செல்ஃபி பாயின்ட், நீரூற்று எதுவும் வேண்டாம். கிராவல் மண் போட்டு உருட்டினால் போதும். கரையில் இருக்கும் பனை மரத்தைத் தொடக் கூடாது, கரையைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதன் வேர்தான். உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கம் பாதையைக் கொண்டுபோய் அடைக்கவும் கூடாது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போனால் அடுத்த டிசம்பரில் மாமி வீட்டுப் பூஜை அறை இல்லை, மாடிப்படிதான்.

9ஆம் நம்பர்: செல்ஃபி பாயின்ட் இல்லாமல் எந்தக் கவுன்சிலர் திறப்பு விழாவுக்கு வருவார் 😄

சர்வேயர் சார்: அதுவும் உண்மைதான் சார். வேண்டுமானால் பூங்காவுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

மாடிவீட்டுத் தம்பி: சரி, மனு நான் டைப் செய்கிறேன். பூட்டை எடுப்பது, பின்பக்கக் கேட், விளக்கு, கரையில் மண் பாதை, ரோட்டைச் சுரண்டிப் போடுவது. வில்லங்க நகல் இணைப்பு. வேறு?

9ஆம் நம்பர்: கார் நிறுத்த வழி சொல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

சர்வேயர் சார்: 30 அடி முழுதாகக் கிடைத்தால் ஒரு பக்கம் கார் நிறுத்தியும் குப்பை வண்டி திரும்பும் சார். உங்களுக்குத்தான் லாபம்.

அண்ணாச்சி கடை: ஜெராக்ஸ் என் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ரேம்ப் விஷயத்தை மட்டும் மனுவில் கடைசி வரியாகப் போடுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு படிக்கட்டும்.

சர்வேயர் சார்: முதல் வரியே அதுதான் அண்ணாச்சி. நம் ரேம்பை நாமே எடுக்காமல் ஏ.இ. முன்னால் 30 அடி என்று வாய் திறக்க முடியாது. சனிக்கிழமை கொத்தனார் வந்து என் வீட்டு ரேம்பை உடைக்கிறார். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கூலி குறையும்.

14ஆம் நம்பர் அக்கா: எங்கள் வீட்டுப் படியையும் சொல்லுங்கள் சார்.

அண்ணாச்சி கடை: என் படியையும்தான். ஆனால் காலை 7 மணிக்குள் வரச் சொல்லுங்கள், அப்புறம் பால் வாங்கக் கூட்டம் வந்துவிடும்.