லேடெக் (கட்டளைகள் எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள்): சாய்வெழுத்துப் பத்திக்குள் தாவரப் பெயரை எப்படித் தனித்துக் காட்டுவது?

தக்கலை_தாவரவியல்:
வணக்கம். 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம கன்னியாகுமரி கிராம்பு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஒவ்வொரு இயலின் தொடக்கத்திலும் வரும் சுருக்கம் முழுக்க சாய்வெழுத்தில் இருக்கணும் என்பது துறையின் டெம்ப்ளேட். அதற்குள் சிசிஜியம் அரோமாட்டிகம் என்ற கிராம்பின் அறிவியல் பெயரை, சாய்வெழுத்தாக்கும் டெக்ஸ்டிட் கட்டளையில் போட்டால் சுற்றியுள்ள எழுத்தோடு கலந்து, பெயர் எது வாக்கியம் எது என்றே தெரியவில்லை. அங்கே மட்டும் கையால் நேரெழுத்தாக்கலாம், ஆனால் அதே பத்தியை முடிவுரைக்கு எடுத்துப் போனால் எல்லாவற்றையும் திருப்பி மாற்றணும். வேறு வழி உண்டா?

நாகர்கோவில்_அச்சு:
தம்பி, டெக்ஸ்டிட்டை விட்டுவிட்டு எம்ஃப் கட்டளை போடுங்க. டெக்ஸ்டிட் எப்போதும் சாய்க்கும், அவ்வளவுதான். எம்ஃப் முதலில் சுற்றியுள்ள எழுத்து சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும். நேராக இருந்தால் சாய்க்கும், ஏற்கெனவே சாய்ந்திருந்தால் நிமிர்த்தும். பத்தியை எங்கே கொண்டுபோனாலும் பெயர் தனித்தே தெரியும். இன்னும் நல்லது, நியூகமாண்ட் வைத்து ஸ்பீஷிஸ் என்று சொந்தக் கட்டளை ஒன்று உண்டாக்கி அதற்குள் எம்ஃப் வையுங்க, நாளை துறை வேறு மாதிரி கேட்டால் ஒரே வரியை மாற்றினால் போதும். பெயருக்குப் பின்னால் வரும், அந்தப் பெயரைச் சூட்டிய ஆசிரியரின் பெயர்ச் சுருக்கத்தை அந்தக் கட்டளைக்கு வெளியே விடுங்க, அது இனப்பெயரோடு சேர்ந்து மாறக் கூடாது.

குலசேகரம்_ரப்பர்:
அண்ணன் சொன்னதுதான் சரி. படத்தலைப்பில் இதன் அருமை இன்னும் தெரியும். தலைப்பைச் சாய்வெழுத்தில் வைத்திருந்தால் ரப்பர் மரத்தின் பெயரான ஹேவியா பிரசிலியென்சிஸ் அங்கே நேராக வரும், அதே தலைப்பு முன்பக்கத்துப் படப் பட்டியலில் நேரெழுத்தில் அச்சாகும்போது பெயர் தானாகச் சாய்ந்துவிடும், நாம் எதையும் தொட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அடிக்கோட்டுக்காக யூலெம் பேக்கேஜை ஏற்றியிருந்தால் அது எம்ஃப்பையே அடிக்கோடாக மாற்றிவிடும், நார்மலெம் ஆப்ஷன் கொடுத்தே ஏற்றுங்க.

தக்கலை_தாவரவியல்:
ரொம்ப நன்றி, பெயர் இப்போது பளிச்சென்று தெரிகிறது. சுருக்கத்தில் ஒரு நூல் தலைப்பு வருகிறது, அந்தத் தலைப்புக்குள்ளேயே இனப்பெயரும் இருக்கிறது. மூன்றாம் அடுக்கில் பெயர் மறுபடி சாய்ந்துவிடுகிறதே?

நாகர்கோவில்_அச்சு:
ஆமா, மாறி மாறித்தான் வரும். தலைப்பு நிமிர்ந்திருப்பதால் உள்ளே சாய்ந்த பெயர் தெளிவாகவே இருக்கும், அப்படியே விடலாம். அடுக்குக்கு ஒரு வடிவம் வேண்டுமென்றால் லேடெக்கின் 2020 பிப்ரவரி வெளியீட்டிலிருந்து டிக்ளேர்எம்ஃப்சீக்வென்ஸ் என்ற கட்டளை இருக்கிறது, முதல் அடுக்கு இது, இரண்டாவது ஸ்மால் கேப்ஸ் (சிறிய அளவிலான ஆங்கிலப் பெரிய எழுத்து) என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். லேபில் பழைய டெக்லைவ் (லேடெக்கை நிறுவும் தொகுப்பு) இருந்தால் இது ஓடாது. அங்கே எம்இன்னர்ஷேப் என்ற கட்டளையை மறுவரையறை செய்து உள்ளடுக்கின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்க. அப்புறம், பழைய ஃபைலில் நெளிவு அடைப்புக்குறிக்குள் வெறும் எம் என்று எழுதியவை இருந்தால் அவற்றையும் எம்ஃப் ஆக்குங்க. வெறும் எம் சாய்வுத் திருத்த இடைவெளியைத் தானாகச் சேர்க்காது, சாய்ந்த கடைசி எழுத்து அடுத்து வரும் அடைப்புக்குறியில் போய் இடிக்கும்.