பாட்டு பிறந்த கதையை மேடையில் சொல்ல வேண்டுமா?

கொழுந்துக்கூடை:
மூணாறில் நம்ம தேயிலை எஸ்டேட் பசங்களின் பேண்டு பாடியதைக் கேட்டேன். எல்லாம் சொந்தப் பாட்டு, நல்ல உழைப்பு. ஆனால் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, இது என் அம்மா பாட்டு, இது என் சித்தப்பா வீட்டுக் கதை என்று விளக்கம் சொன்னது பிடிக்கவில்லை. பாட்டு தன் காலில் நிற்க வேண்டும். மலையாள ராக் குழுவான அவியல் பேண்டின் 'ஆடு பாம்பே', கேரளத் துறவி நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு என்பது தெரியாமலேயே வருஷக்கணக்காகக் கேட்டேன். அப்போதும் புல்லரித்தது.

லயத்துக்காரி:
அண்ணே, அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. ஒரு பாட்டை மட்டும் அந்தப் பேண்டில் பாடுகிறவன் எதுவும் சொல்லாமல்தான் ஆரம்பித்தான். "டவர் இல்ல, கரண்டு இல்ல, விடிஞ்சாத்தானே சேதி வரும்" என்றதும் என் பக்கத்தில் நின்ற எறணாகுளத்துப் பசங்க காதலி போன் எடுக்காத பாட்டு என்று நினைத்து விசிலடித்தார்கள். அது மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி பற்றிய பாட்டு! 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து, தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை மூடி 70 பேர் செத்தார்கள், கரண்டும் போனும் இல்லாமல் வெளியே சேதி போனது மறுநாள் காலையில்தான். பாடி முடித்து அவன் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

பூப்பாறை:
பெட்டிமுடி ஊரறிந்தது, சொல்லட்டும். எனக்கு உறுத்துவது அம்மா பாட்டு. 2015ல் மூணாறு தோட்டப் பெண்கள் நடத்திய பெம்பிளை ஒருமை போராட்டத்தில் 20 சதவீத போனஸ் கேட்டு, யூனியன் தலைவர்களை அண்டவிடாமல் பெண்களே ரோட்டில் உட்கார்ந்தார்களே, அதில் அவன் அம்மாவும் இருந்தார் என்றான். சரி, பெருமைதான். அப்புறம் அதற்காக அப்பா வீட்டில் போட்ட சண்டையையும் மைக்கில் சொன்னான். அதைச் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டானா?

லயத்துக்காரி:
வீட்டுக் கதை வேண்டாம் என்றால் எதை வைத்துப் பாடுவது? 2021ல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த தன் பாட்டியின் கதையை அந்தப் பாட்டை எழுதிப் பாடிய பாடகர் அறிவு சொன்னார். அதற்கு முன்னால் எங்கள் லயத்தில் அது வெறும் ஆட்டப் பாட்டு. கதை தெரிந்த பிறகு வயசானவர்கள் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள்.

கொழுந்துக்கூடை:
அது பாட்டு வெளிவந்த பிறகு சொன்னது தங்கச்சி, வேண்டியவர்கள் தேடிப் படித்துக்கொண்டார்கள். மேடையில் பாட்டோடு சாவையும் சொன்னால் கேட்கிறவன் கைதட்டியே ஆகணும், வேறு வழி கிடையாது. பெட்டிமுடிப் பாட்டின் ரெண்டாவது சரணம் தொய்கிறது, தாளத்தோடு ஒட்டவே இல்லை. இனி யார் அதை அவனிடம் சொல்வார்கள்? இரக்கப்பட்டுத் தட்டிக்கொடுத்தே நல்ல பாட்டுக்காரனைக் கெடுத்துவிடுவோம், எனக்கு அந்தப் பயம்தான்.

லயத்துக்காரி:
தொய்வுதான், எனக்கும் பட்டது. அதை நேரில் சொல்லுங்க, கேட்டுக்குவான். ஆனால் கதையைச் சொல்லாதே என்று மட்டும் சொல்லாதீங்க. லயத்தைப் பற்றி மந்திரி பேசியாச்சு, டிவிக்காரன் பேசியாச்சு. லயத்தில் பிறந்தவன் இப்போதுதான் மைக்கைப் பிடித்திருக்கிறான்.

பூப்பாறை:
பிடிக்கட்டும், நானும் கைதட்டியவன்தான். அம்மாவிடம் கேட்டானா என்பதற்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.