அம்மாவின் தோள்பட்டை: கரண்ட் வைத்தால் போதுமா?

உறையூர் வாசி:
அம்மாவுக்கு 56 வயது, பல வருடமாகச் சர்க்கரை. நாலு மாதமாக வலது கையைத் தூக்க முடியவில்லை. ஜடை பின்னிவிட அக்கா வரவேண்டியிருக்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் அலறி எழுந்துவிடுகிறார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்றார், பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் ஓர் இடத்தில் பத்து நாள் வலிக்கு மிஷினில் கரண்ட் வைத்தார்கள். கையை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்படித்தான் செய்வார்களா?

கரூர் பிசியோ:
தம்பி, 19 வருடமாக இதே வேலை எனக்கு. பிளஸ் டூவில் கபடி ரெய்டு போனபோது முட்டி திருகி உள்ளே இருக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தால் தொடை பாதியாக இளைத்திருந்தது. அப்போது எனக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் நாள் மிஷினையே ஆன் செய்யவில்லை. படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் பிபிடி என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பில் சேர்ந்தேன். நாலு வருடப் படிப்பு, ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். வீட்டில் இன்ஜினியரிங் கனவு, அது வேறு கதை.

சரி, அம்மா விஷயம். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பச் சொல்வேன். அப்புறம் நானே பிடித்து மெதுவாகத் திருப்புவேன். அவர் நிறுத்திய இடத்திலேயே எனக்கும் நின்றால், மூட்டைச் சுற்றிய உறை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். நான் திருப்பும்போது மட்டும் தாராளமாகப் போனால் தசைநாரைச் சந்தேகிப்பேன். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. இதைப் பார்க்காமல் கரண்ட் வைத்தால் வலி சற்று நேரம் அடங்கலாம், உறை இளகாது.

வீட்டில் செய்ய: இடது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டச் சொல்லுங்கள். சுவரில் விரலாலேயே ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு. செய்தபின் வலி அரை மணியில் அடங்கினால் சரி. அன்று ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் குறையுங்கள். ஒரே இழுப்பில் உடைத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாடித்தோட்டம்:
எனக்கும் வந்தது, அதுவும் சர்க்கரையோடுதான். முழுசாகச் சரியாக ஒன்றரை வருடம் பிடித்தது. பின்னால் ஹூக் மாட்ட முடிந்த அன்று பாயசம் வைத்தேன்!

உறையூர் வாசி:
நீங்கள் சொன்ன மாதிரி வேறொரு பிசியோ சோதித்தார் அண்ணா. இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் நின்றது. டாக்டர் தோளில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். அம்மா பயப்படுகிறார்.

கரூர் பிசியோ:
வலி கடுமையாக இருக்கும் இந்தக் கட்டத்தில் ஊசி உதவும். சில நாள் சர்க்கரை ஏறும், அதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துவாருங்கள். வலி அடங்கிவிட்டதே என்று மட்டும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது, அப்போதுதான் கை நன்றாக ஒத்துழைக்கும். பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் தேதி எழுதச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளையடிப்பு வரை இருக்கட்டும்.